தூய மின்சாரத்தில் யாருக்குப் பங்கு?



சிலாங்கூரில் உள்ள ரவாங் பட்டணத்தை அறியாதவர்கள் குறைவு. அங்கிருந்த ஈயச் சுரங்கத்தில் 1894-ஆம் ஆண்டு இருவர் மின்சாரத்தைக் கொண்டு வந்தார்கள். ஒருவர் சீனத் தொழிலதிபர் லோக் இயூ. மற்றவர் கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளை. இந்த மண்ணில் மின்சாரத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதில் ஒரு தமிழரின் பெயரும் இருக்கிறது.

ரவாங்கிலிருந்து சற்றுத் தூரத்தில் இன்னோர் ஊர், பத்து ஆராங். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கே நிலக்கரி என்றுதான் பொருள். 1915-ஆம் ஆண்டு முதல் அங்கே நிலக்கரி வெட்டப்பட்டது. மலாயாவின் இரயில் வண்டிகளும், ஈயச் சுரங்கங்களும், கோலாலம்பூருக்கு வெளிச்சம் கொடுத்த பங்சார் மின் நிலையமும் அந்தக் கரியை நம்பி இருந்தன. சீனரும் இந்தியரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் அங்கே உழைத்தார்கள். பூமிக்கடியில் இறங்கி வெட்டியவர்கள் உண்டு. அதில் உயிர் விட்டவர்களும் உண்டு.

1960-இல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. காற்று மாசுபடுகிறது என்று யாரும் மூடவில்லை. எண்ணெய் மலிவாகக் கிடைத்தது, இரயில் எண்ணெய்க்கு மாறியது, கரியை வாங்க ஆளில்லை. அவ்வளவுதான். கோலாலம்பூரில் விளக்கு அணையவில்லை, இரயிலும் நிற்கவில்லை. பத்து ஆராங்கில் மட்டும் வேலை நின்றது. பிழைப்பைத் தேடி மக்கள் சிதறினார்கள். பரபரப்பாக இருந்த ஊர் அமைதியாகிப் போனது.

நாடு இன்று மீண்டும் எரிபொருளை மாற்றப் புறப்பட்டிருக்கிறது. இம்முறை மாறுவது கரியிலிருந்து சூரியனுக்கு. இது நல்ல மாற்றம், வந்தே தீர வேண்டிய மாற்றம். அதனால்தான் ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டியிருக்கிறது: இந்த மாற்றத்தில் யாருக்குப் பங்கு? யாருக்கு வெறும் பாரம்?

கரி எப்படித் திரும்பி வந்தது?

1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தபோது மலேசியாவின் மின் நிலையங்கள் பெரும்பாலும் எண்ணெயில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரே எரிபொருளை நம்புவது ஆபத்து என்பது அப்போது புரிந்தது. 1981-இல் எண்ணெய், எரிவாயு, நீர், நிலக்கரி என நான்கு எரிபொருள் கொள்கை வகுக்கப்பட்டது. திரெங்கானு கடலில் கிடைத்த எரிவாயு குழாய் வழியே தீபகற்பம் முழுவதும் வந்தது. 1990-களின் இறுதியில் மின்சாரத்தின் பெரும்பகுதி எரிவாயுவில்தான் பிறந்தது.

பிறகு எரிவாயுவைப் பற்றியும் கவலை வந்தது. உள்நாட்டுக் கையிருப்பு எத்தனை காலத்துக்கு? ஏற்றுமதிக்கு எவ்வளவு? இந்தக் கணக்கில் மலிவாகத் தெரிந்தது கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரி. கிள்ளானுக்கு அருகிலுள்ள காப்பார் நிலையம் ஏற்கெனவே கரியை எரித்து வந்தது. அதோடு 2003-இல் பேராக் மஞ்சோங், 2006-இல் ஜொகூர் தஞ்சோங் பின், 2009-இல் நெகிரி செம்பிலான் ஜிமா என்று பெரிய நிலையங்கள் வரிசையாக வந்தன. பத்து ஆராங்கோடு முடிந்தது என்று நினைத்த கரி, இந்தோனேசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் திரும்பி வந்தது.

உலகம் முழுவதும் பருவநிலை மாற்றத்தைப் பற்றி மாநாடுகள் நடந்த அதே ஆண்டுகளில்தான் இங்கே கரியின் பங்கு ஏறியது. இன்று நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் கரியிலிருந்து வருகிறது. ஒரே அளவு மின்சாரத்துக்கு, எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரிமில வாயுவைக் கரி வெளியேற்றுகிறது.

"உலகின் மொத்த வெளியேற்றத்தில் மலேசியாவின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லையே, பணக்கார நாடுகள் முதலில் குறைக்கட்டும்" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, அது யாருடைய பங்கு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வரவில்லை. அந்தப் பருவ வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டின் வெள்ளச் சேதம் 610 கோடி ரிங்கிட் என்று மதிப்பிடப்பட்டது. ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் சொல்ல முடியாதுதான். ஆனால் பூமி சூடேறச் சூடேற இத்தகைய பெருமழை இன்னும் கடுமையாகும் என்பதில் அறிவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அதில் முதலில் நனைவது தாழ்ந்த இடத்தில் வீடு வாங்கிய நடுத்தர, ஏழைக் குடும்பங்கள்தான்.

சூரியன் உண்டு, தகடும் உண்டு

மாற்று எரிசக்தி இங்கே புதிதல்ல. 1900-ஆம் ஆண்டிலேயே பகாங் ரவுப் தங்கச் சுரங்கத்துக்காகச் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். நம் காலத்தில் கெடா கூலிம்மிலும் மலாக்காவிலும் சைபர்ஜெயாவிலும் அமைந்த தொழிற்சாலைகள் சூரியத் தகடுகளைச் செய்து உலகெங்கும் அனுப்பின. தகடு உற்பத்தியில் முன்னணி நாடுகளின் வரிசையில் மலேசியாவும் இடம் பிடித்தது. தகட்டை ஏற்றுமதி செய்துவிட்டு கரியை இறக்குமதி செய்தது நாடு. நெய்யை விற்றுவிட்டு எண்ணெய் வாங்கிய கதை இது.

ஏன் இப்படி? வெயிலுக்கும் பஞ்சமில்லை, தொழில்நுட்பத்துக்கும் பஞ்சமில்லை. விதிமுறைகள்தான் பின்தங்கின. 2001-இல் சிறிய மாற்று எரிசக்தி நிலையங்களுக்கான திட்டம் தொடங்கப்பட்டது. 2005-க்குள் 500 மெகாவாட் என்பது இலக்கு. வந்ததோ 12 மெகாவாட்தான். செம்பனை ஆலைக் கழிவில் மின்சாரம் எடுக்க முன்வந்தவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை, வங்கிக் கடனும் எளிதாகக் கிடைக்கவில்லை.

அந்தத் தோல்வி ஒரு பாடமானது. 2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. தூய மின்சாரத்தை நிர்ணயித்த விலையில், நீண்டகால ஒப்பந்தத்தில் வாங்கிக்கொள்ளும் முறை அந்த ஆண்டு டிசம்பரில் தொடங்கியது. அதற்கான பணம் மின் கட்டணத்தில் ஒரு விழுக்காடாக வசூலிக்கப்பட்டு, 2014-இல் 1.6 விழுக்காடாக உயர்ந்தது. இதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்கு அந்த வசூல் கிடையாது. ஒற்றை விளக்கும் காற்றாடியும் ஓடும் வீட்டின் தலையில் நாட்டின் பசுமைச் செலவை ஏற்றக்கூடாது என்று சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். இந்த நினைப்பு எல்லாத் திட்டங்களிலும் தொடர வேண்டும்.

இலக்குகள் இப்போது பெரிதாகிவிட்டன. பொருளாதார வளர்ச்சியோடு ஒப்பிட்ட கரிம வெளியேற்றத்தை 2005-ஆம் ஆண்டு அளவிலிருந்து 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்பதாக மலேசியா வாக்களித்துள்ளது. 2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஏறக்குறைய 63,700 கோடி ரிங்கிட் முதலீடு தேவைப்படும் என்று அரசாங்கம் மதிப்பிட்டது.

இங்கே 'திறன்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நூறு மெகாவாட் கரி நிலையம் இரவும் பகலும் ஓடக்கூடியது. நூறு மெகாவாட் சூரிய நிலையம் நம் மேகமூட்டமான வானத்தில் ஒரு நாளில் தருவது, சுமார் நான்கு மணி நேரம் முழுவேகத்தில் ஓடியதற்குச் சமமான மின்சாரம். இரவுக்கும் மழைக்கும் மின்கலச் சேமிப்போ, அணை நீரோ, எரிவாயுவோ துணை நிற்க வேண்டும். ஜொகூரில் பெருகிவரும் தரவு மையங்கள் இரவு பகல் பாராமல் மின்சாரம் கேட்கின்றன. ஆகவே 70 விழுக்காடு திறன் என்பது 70 விழுக்காடு மின்சாரம் ஆகிவிடாது.

வியட்நாம் தந்த எச்சரிக்கை

வேகம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு வியட்நாம் நல்ல உதாரணம். 2017-இல் அந்த அரசாங்கம் சூரிய மின்சாரத்துக்கு ஒரு யூனிட்டுக்கு 9.35 அமெரிக்க சென்ட் என்று தாராளமான விலையை அறிவித்தது. 2019 ஜூன் இறுதிக்குள் நிலையத்தைக் கட்டி முடிப்பவர்களுக்கே அந்த விலை. 2018-இல் பெயரளவுக்கு இருந்த சூரிய மின்திறன் 2019 நடுவில் சுமார் 4,500 மெகாவாட் ஆனது. புதிய விலைகளோடு 2020 இறுதிக்குள் 16,000 மெகாவாட்டைத் தாண்டியது. உலகமே வியந்தது.

ஆனால் நிலையங்கள் குவிந்த இடம் வெயில் அதிகமான தெற்கு மாகாணங்கள். அங்கிருந்து மின்சாரத்தைக் கொண்டுசெல்லக் கம்பிகள் போதவில்லை. நிலையம் கட்ட ஓராண்டு போதும், உயர் அழுத்தக் கம்பி இழுக்கப் பல ஆண்டுகள் ஆகும். வெயில் கொளுத்தும் நேரத்தில் சூரிய நிலையங்களை 'நிறுத்து' என்று சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2023 மே, ஜூன் மாதங்களில் வடக்கே அணைகள் வற்றியபோது, அங்கே வீடுகளும் தொழிற்சாலைகளும் இருளில் தவித்தன. தெற்கிலிருந்த உபரியை வேண்டிய அளவுக்கு வடக்கே அனுப்ப முடியவில்லை. 2024 ஆகஸ்டில் மத்தியப் பகுதியிலிருந்து வடக்கே ஒரு புதிய 500 கிலோவோல்ட் தடத்தைக் கட்டி முடித்தார்கள். கம்பியும் தகடும் சேர்ந்தே வளர வேண்டும் என்பதுதான் அந்த நாடு கற்ற பாடம்.

தூய்மைக்கும் விலை கொடுத்தவர்கள்

தூய மின்சாரம் என்றாலே யாருக்கும் தீங்கில்லை என்று எண்ணிவிடக் கூடாது. சரவாக்கின் பாக்குன் அணை 2,400 மெகாவாட் திறன் கொண்டது. 2011-இல் மின்சாரம் தரத் தொடங்கியது. புகை இல்லை, கரி இல்லை. ஆனால் அந்த நீர்த்தேக்கத்துக்காக 1990-களின் பிற்பகுதியில் சுமார் 10,000 பூர்வகுடி மக்கள் தங்கள் நீண்ட வீடுகளை விட்டு சுங்கை அசாப் குடியேற்றத்துக்குப் போனார்கள். காடு முழுவதும் தங்கள் வாழ்வாக இருந்தவர்களுக்குக் குடும்பத்துக்கு 3 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. போதவில்லை என்ற அவர்களின் குறை இன்றுவரை தீரவில்லை.

தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி கரி மின் நிலையம் 1961 முதல் இயங்கி 2022 அக்டோபரில் மூடப்பட்டது. அதைச் சூரிய, காற்று, மின்கல நிலையமாக மாற்ற உலக வங்கி 49 கோடியே 70 இலட்சம் அமெரிக்க டாலர் நிதியை ஒப்புதல் செய்தது. வளரும் நாடுகளுக்கு அது ஒரு முன்மாதிரியாகும் என்று பேசப்பட்டது. நடந்தது என்ன? நிலையம் மூடிய வேகத்தில் புதிய வேலை வரவில்லை. நிரந்தர ஊழியர்கள் வேறு நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். குத்தகையாளர்களிடம் வேலை செய்தவர்களும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்களும் கைவிடப்பட்டார்கள். ஊர் மக்களைக் கலந்து பேசியது மிகத் தாமதமாகத்தான் என்று அந்நாட்டின் பருவநிலை ஆணையமே பின்னர் சுட்டிக்காட்டியது. பத்து ஆராங்கின் கதை அறுபது ஆண்டு கழித்து வேறொரு கண்டத்தில் திரும்ப நடந்தது.

மலேசியாவில் புதிய கரி நிலையங்கள் கட்டப்படமாட்டா என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. கரி நிலையங்களை 2044-க்குள் முழுமையாக ஓய்வுபெறச் செய்வதும் அறிவிக்கப்பட்ட இலக்கு. காப்பார் நிலையத்தின் ஒப்பந்தம் 2029-இல் முடிகிறது. அங்கே கொதிகலனைப் பழுது பார்ப்பவர், கரி இறங்கும் துறைமுகத்தில் வேலை செய்பவர், காவலாளி, துப்புரவுப் பணியாளர், வாசலில் நாசி லெமாக் விற்பவர் ஆகியோருக்கு அடுத்து என்ன? பெரிய சூரியப் பண்ணையைக் கட்டும்போது பலருக்கு வேலை கிடைக்கும். கட்டி முடித்தபின் அதைப் பார்த்துக்கொள்ளச் சிலரே போதும். பயிற்சியும் மாற்று வேலையும் நிலையம் மூடிய மறுநாள் தொடங்கினால் பயனில்லை, மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும்.

சொந்தக் கூரை இல்லாதவர்கள்

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூரையில் தகடு பதித்து, பகலில் மிஞ்சும் மின்சாரத்தைக் கம்பிக்குக் கொடுத்து, கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் திட்டங்கள் 2016 முதல் நடந்து வருகின்றன. தரை வீடு இருப்பவருக்கு, இருபதாயிரம் ரிங்கிட் அளவில் முதல் போட முடிந்தவருக்கு, அது நல்ல வாய்ப்பு. அவருடைய கட்டணம் குறைகிறது. மகிழ்ச்சிதான்.

ஆனால் மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் குடியிருப்பவருக்கு எந்தக் கூரை சொந்தம்? வாடகை வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? மின் கம்பம், கம்பி, துணை மின் நிலையம் ஆகியவற்றின் செலவு எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். வசதியுள்ளவர்கள் கம்பிக்குக் கொடுக்கும் பணம் குறையக் குறைய, அந்தச் செலவு மிஞ்சியிருப்பவர்கள் பக்கம் சாயக்கூடும். முறையான கட்டண அமைப்பு இல்லாவிட்டால், ஏழை வீட்டுப் பணத்தில் பணக்கார வீடு பசுமையாகிவிடும். தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது லயத்து வீடுகளிலிருந்து வெளியேறி அடுக்குமாடிகளில் குடியேறிய நம் மக்களுக்கு இது யாரோ ஒருவருடைய பிரச்சினை அல்ல.

1960-இன் இன்னொரு பக்கம்

பத்து ஆராங் மூடப்பட்ட அதே 1960-இல் இன்னொன்றும் நடந்தது. வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. தோட்டம் துண்டாடப்பட்ட இடமெல்லாம் பாட்டாளிகள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஒரு யோசனையைச் சொன்னார். விற்கப்படும் தோட்டத்தை நீங்களே வாங்குங்கள் என்பதுதான் அது. பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் பிறந்தது தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள் வந்தன. பால் மரம் வெட்டியவர் அந்தத் தோட்டத்தின் பங்குதாரரும் ஆனார்.

ஒரே ஆண்டு, இரண்டு ஊர்கள், இரண்டு முடிவுகள். ஓரிடத்தில் மாற்றம் வந்தபோது உழைத்தவர்களிடம் எதுவும் இல்லை. மற்றோரிடத்தில் அவர்கள் கையில் ஒரு பங்கு இருந்தது.

இந்த எடுத்துக்காட்டு சூரிய மின்சாரத்துக்கும் பொருந்தும். நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆலயங்கள், மண்டபங்கள், கூட்டுறவுக் கட்டடங்கள், அடுக்குமாடிகளின் பொதுக் கூரைகள் எத்தனையோ இருக்கின்றன. நிர்ணய விலைத் திட்டத்தின் காலத்தில் பள்ளிகளுக்கும் வழிபாட்டுத் தலங்களுக்கும் தனி ஒதுக்கீடு செய்யப்பட்டது. அந்த வழியை இன்னும் அகலமாக்கலாம். சொந்தக் கூரை இல்லாதவர் ஒரு பொதுக் கூரையில் பங்கு வாங்கி, அதன் பயன் தம் மின் கட்டணத்தில் கழிக்கப்படும் வகையில் விதிமுறை வேண்டும். நான்காவது மாடிக் குடும்பமும் அப்போது சூரியனில் பங்குதாரராகும்.

கூட்டுறவு, பங்கு என்ற சொற்களைக் கேட்டதும் சிலர் முகம் சுளிக்கலாம். சேமிப்பைப் போட்டு ஏமாந்த அனுபவம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. அதனால்தான் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், தணிக்கை தவறக்கூடாது, ஆண்டுக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் போய்க் கேள்வி கேட்க வேண்டும். ஊர் கூடித் தேர் இழுக்கலாம். ஆனால் வடம் யார் கையில் இருக்கிறது என்பதையும் ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நிகழ்ச்சியைப் பார்த்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் செய்யக்கூடிய சிறு வேலைகள் இரண்டு. அடுத்த மாத மின் கட்டணச் சீட்டை மேசையில் வைத்து, பிள்ளைகளோடு சேர்ந்து வரி வரியாகப் படித்துப் பாருங்கள். எத்தனை யூனிட், எதற்கு எவ்வளவு வசூல் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, உங்கள் பள்ளி வாரியத்திலோ ஆலய நிர்வாகத்திலோ அடுக்குமாடிக் கூட்டு நிர்வாகத்திலோ ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் கூரை சும்மாதானே இருக்கிறது?"

காப்பாரின் புகைக்கூண்டுகள் ஒருநாள் ஓயும். ஓயத்தான் வேண்டும். அந்த நாளில் கிள்ளான் வட்டாரத்தில் இன்னொரு பத்து ஆராங் உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசாங்கத்துக்கும் உண்டு, தொழிற்சங்கங்களுக்கும் உண்டு, பங்கு கேட்கத் தெரிந்த மக்களுக்கும் உண்டு.